ஐந்தரை விநாடிக்குள் ஒரு பாராசூட்: பேஸ் ஜம்பிங் எப்படி நடக்கிறது?

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு வீடியோ வரும். மலை விளிம்பில் ஒருவர் நிற்பார், கைகளை விரிப்பார், குதித்துவிடுவார். சில விநாடி கழித்து முதுகுப் பையிலிருந்து பாராசூட் விரியும். அதற்குக் கீழே வரும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைதான். "உசிரு மேல ஆசை இல்லாதவன்" என்பது ஒன்று. "விமானத்திலிருந்தே குதிக்கிறாங்க, இது அதைவிட உயரம் கம்மிதானே" என்பது இன்னொன்று. முதலாவது வெறும் கோபம், போகட்டும். இரண்டாவதைத்தான் திருத்த வேண்டும். உயரம் குறைவாக இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்தே. அந்த ஒன்று பிடிபட்டுவிட்டால், இதில் என்ன கருவி பயன்படுகிறது, எப்படிக் குதிக்கிறார்கள், எப்போது குதிக்காமல் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் ட்வின் ஃபால்ஸ் என்ற ஊர். அந்த ஊரின் ஓரத்தில், ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் பெரைன் பாலம் இருக்கிறது. ஆற்றிலிருந்து 486 அடி உயரம், அதாவது 148 மீட்டர். தனி அனுமதி எதுவும் வாங்காமல் வருடம் முழுவதும் பாராசூட்டோடு குதிக்கலாம் என்பதால் பல நாடுகளிலிருந்து அங்கே பழக வருகிறார்கள். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் அங்கே பழகியவர்தான். சில வார இறுதிகளில் அவரோடு போய் நடைபாதையில் நின்று பார்த்தேன், நிறையக் கேட்டேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்து யாரும் குதிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. பார்க்கிறவர்கள் புரிந்து பார்ப்பதற்கான விளக்கம் இது.

பெயரில் இருப்பது என்ன?

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது ஸ்கைடைவிங். அசையாமல் நிற்கும் ஒரு பொருளிலிருந்து பாராசூட்டோடு குதிப்பது பேஸ் ஜம்பிங். பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. கட்டடம், ஒலிபரப்புக் கோபுரம், பாலம், மலை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். பெயர் வைத்தவர்களில் முக்கியமானவர் கார்ல் போனிஷ் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர். 1978இல் யோசெமிட்டி பூங்காவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து நண்பர்கள் குதித்ததை அவர் படமெடுத்தார். அந்தப் படங்கள்தான் இதை ஒரு தனி விளையாட்டாக உலகுக்குக் காட்டின.

கிணற்றில் கல்லைப் போட்டு எண்ணுவது

பாழுங்கிணற்றின் ஆழம் பார்க்கக் கல்லைப் போட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியிருப்போம். பேஸ் ஜம்பிங்கின் அடிப்படைக் கணக்கும் அதேதான்.

மேலிருந்து விழும் பொருள் முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர் இறங்கும். இரண்டாவது விநாடி முடியும்போது மொத்தம் 20 மீட்டர். மூன்றாவது முடியும்போது 44. போகப்போக வேகம் கூடும்: ஒரு விநாடியில் மணிக்கு 35 கிலோமீட்டர், இரண்டு விநாடியில் 70, மூன்றாவதில் ஏறத்தாழ 100. பத்துப் பன்னிரண்டு விநாடி விழுந்தால் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் வேகம் நின்றுவிடும். காற்று மேல்நோக்கித் தள்ளுவதும் எடை கீழே இழுப்பதும் சமமாகிவிடுவதால் அதற்கு மேல் கூடாது. இதை முழுவேகம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கைடைவர் சுமார் 4,000 மீட்டரில் விமானத்தை விட்டு இறங்குகிறார். ஒரு நிமிடம் போல விழுகிறார். தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம் இருக்கும்போது பாராசூட்டை விரிக்கிறார். அது சரியாக விரியாவிட்டால் அதை வெட்டிவிட்டு இரண்டாவது பாராசூட்டை இழுக்க நேரம் இருக்கிறது. அவர் மயங்கிப்போனாலும் பையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். தரைக்கு மேல் சுமார் 225 மீட்டரில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அது தானாகவே இரண்டாவது பாராசூட்டை விடுவிக்கும்.

பெரைன் பாலத்தின் உயரம் 148 மீட்டர். ஸ்கைடைவரின் கடைசிக் காவலன் விழித்துக்கொள்ளும் உயரத்துக்கும் கீழேதான் பேஸ் ஜம்பரின் கால்கள் நிற்கின்றன. பாராசூட் இல்லாமல் அங்கிருந்து விழுந்தால் நீரைத் தொட ஐந்தரை விநாடியிலிருந்து ஆறு விநாடிதான் ஆகும். விரிவது, திசை திரும்புவது, இறங்குமிடம் பார்ப்பது எல்லாவற்றையும் அந்தச் சின்ன நேரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பாராசூட்காரர்களுக்கு உயரம் என்பது நேரம். ஸ்கைடைவரிடம் அது தாராளமாக இருக்கிறது, பேஸ் ஜம்பரிடம் இல்லை. இனி சொல்லப்போகும் கருவிகள் எல்லாம் இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க வந்தவை.

பிடிமானம் இல்லாத முதல் விநாடி

பைக்கில் போகும்போது கையை வெளியே நீட்டினால், 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தடவிக்கொண்டு போகும். 80இல் கையைப் பின்னால் தள்ளும். வேகம் இருந்தால்தான் காற்றுக்குக் கெட்டித்தன்மை. ஸ்கைடைவர் அந்தக் கெட்டியான காற்றின் மேல் படுத்துக்கொண்டு கை கால்களை அசைத்துத் திரும்புகிறார், நிமிர்கிறார், நகர்கிறார். விமானத்தை விட்டு வெளியே வரும்போதே விமானத்தின் வேகக் காற்று அவரைத் தாங்க ஆரம்பித்துவிடும்.

பாலத்திலிருந்து குதிப்பவருக்கு அது கிடையாது. முதல் ஒன்றிரண்டு விநாடி அவர் கையை எப்படி அசைத்தாலும் காற்று பிடி கொடுக்காது. கிணற்றில் குதிக்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டுக் கால் எழும்பும்போதே தலை முன்னால் சாய்ந்திருந்தால் பல்டிதான். நடுவில் திருத்த முடியாது. பேஸ் ஜம்பிங்கிலும் கால் விளிம்பைத் தள்ளிவிடும் அந்த ஒரு கணத்தில் உடம்பு எப்படி இருக்கிறதோ, அப்படியேதான் அடுத்த இரண்டு விநாடியும் போகும்.

அதனால்தான் பழகுபவர்களை முதலில் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். கீழே பார்த்தால் தலை குனியும், தலை குனிந்தால் தோள் குனியும், முழு உடம்பும் கவிழ ஆரம்பிக்கும். நெஞ்சை நிமிர்த்தி, தலை கொஞ்சம் உயர்ந்து, இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி முன்னோக்கித் தள்ளிக் குதிக்க வேண்டும். தோள் மட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

பைக்குள் இருப்பது

முதல் கேள்வி எல்லோருக்கும் வருவதுதான்: இரண்டாவது பாராசூட் எங்கே? இல்லை. பெரும்பாலான பேஸ் பைகளில் ஒரே பாராசூட்தான். ஒன்று தவறிவிட்டது என்று புரிந்து, அதை விலக்கி, அடுத்ததை இழுத்து, அது விரிவதற்குள் தரை வந்துவிடும். அதனால் இருக்கும் ஒன்றையே கூடியவரை தவறாமல் விரியும்படி செய்திருக்கிறார்கள்.

அந்தத் துணி குடை மாதிரியான பழைய வட்டப் பாராசூட் கிடையாது. மேல் துணி, கீழ்த் துணி என்று இரண்டு அடுக்கு. இடையில் தடுப்புகள். முன்பக்கம் திறந்த வாய். குளத்தில் குளிக்கும்போது ஈர லுங்கியில் காற்றைப் பிடித்து உப்பவைத்து மிதப்பார்களே, அதுபோலக் காற்று உள்ளே புகுந்து அதை ஒரு கெட்டியான இறக்கையாக்கிவிடுகிறது. இறக்கை என்பதால் அது முன்னோக்கிப் பறக்கும், திருப்பவும் முடியும். பேஸ் பாராசூட் அகலமானது. பழகிய ஸ்கைடைவர்கள் பலர் 150 சதுர அடிக்குள் வைத்துக்கொள்ளும்போது, இவர்களுடையது 240, 260 சதுர அடி என்று போகும். பெரிய துணி மெதுவாகவும் சாதுவாகவும் இறங்கும். புல்தரை கிடைக்காமல் பாறைக்கு நடுவில் கால் வைக்க வேண்டியவர்களுக்கு அது தேவை.

பெரிய துணியைப் பையிலிருந்து வெளியே இழுப்பது ஒரு குட்டிப் பாராசூட். இதற்குப் பைலட் சூட் என்று பெயர். ஒரு நீள நாடாவின் முனையில் கட்டியிருப்பார்கள். குதித்தவர் அதைக் காற்றில் வீசுகிறார், அது காற்றைப் பிடித்து நாடாவை இழுக்கிறது, நாடா பையின் ஊசியைக் கழற்றிப் பெரிய பாராசூட்டை இழுத்துக்கொண்டு போகிறது.

இதிலும் வேகம்தான் பிரச்சினை. ஸ்கூட்டர் மெதுவாகப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் துப்பட்டா தொங்கும். வேகம் பிடித்தால்தான் பறக்கும். ஒன்றரை விநாடி மட்டுமே விழுந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பைலட் சூட்டை வீசுகிறவருக்கு அது பெரியதாக இருக்க வேண்டும். 46, 48 அங்குலம் விட்டம் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். பத்து விநாடிக்கு மேல் விழுந்து முழுவேகத்தில் வீசுகிறவருக்கு 32லிருந்து 36 அங்குலமே போதும். பெரியதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் என்ன? முழுவேகத்தில் அது வெடுக்கென்று இழுக்கும் இழுப்பில் பெரிய துணி கோணலாக விரிய வாய்ப்புண்டு. எனவே எந்த உயரம், எத்தனை விநாடி விழப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பைலட் சூட்டைப் பையில் மாட்டுகிறார்கள்.

அடுத்தது ஸ்லைடர். இதை விளக்க எனக்குக் கீரைக்கட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. கட்டின் வாழைநாரை இலைகளுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தால் இலை விரியாது. நாரைத் தண்டின் பக்கம் இறக்க இறக்க இலைகள் பரந்து விரியும். பாராசூட்டின் கயிறுகள் எல்லாம் நான்கு மூலையிலும் வளையம் வைத்த ஒரு துண்டுத் துணி வழியாகப் போகின்றன. அந்தத் துண்டுதான் ஸ்லைடர். மடிக்கும்போது அது மேலே துணியை ஒட்டி இருக்கும். விரியும் வேகத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். முழுவேகத்தில் விழுகிறவருக்கு இந்தத் தாமதம்தான் உயிர் காப்பது. இல்லாவிட்டால் துணி ஒரேயடியாக விரிந்து, துணியும் கிழியும், உடம்பும் தாங்காது.

ஆனால் இரண்டு விநாடியே விழுகிறவருக்கு அந்தத் தாமதமே ஆளைக் கொன்றுவிடும். அதனால் மூன்று விநாடி அளவுக்குள் விரிக்கப்போகும் குதிப்புகளுக்கு ஸ்லைடரைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது கீழே இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஒரே பாராசூட்டை இரண்டு விதமாக மடிக்கலாம், இரண்டில் ஒன்றுதான் அன்றைய உயரத்துக்குச் சரி. தவறான விதத்தில் மடித்ததை முதுகில் போட்டுக்கொண்டு போனால் மேலே நின்று எதையும் மாற்ற முடியாது.

இதுவரை: ஒரே பாராசூட், அகலமான துணி. குறைந்த உயரத்துக்குப் பெரிய பைலட் சூட், ஸ்லைடர் கிடையாது. அதிக உயரத்துக்குச் சின்ன பைலட் சூட், ஸ்லைடர் உண்டு.

புல்வெளியில் ஒரு மணி நேரம்

பெரைன் பாலத்தின் தெற்கு முனையில், சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் மையத்தை ஒட்டிப் புல்வெளி இருக்கிறது. அங்கேதான் எல்லோரும் மடிப்பார்கள். நண்பர் மடித்ததை முதன்முறை பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அம்மா பட்டுப்புடவைக்குக் கொசுவம் எடுப்பதுதான். கொசுவம் ஒரு பக்கம் கூடிப்போனால் புடவை அந்தப் பக்கம் இழுக்கும் என்று அவிழ்த்து மறுபடி எடுப்பார். நண்பரும் அப்படித்தான். துணியை நடுவிலிருந்து இடம் வலமாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி, சின்னக் கிளிப்புகளால் பிடித்து வைத்துக்கொண்டே போனார். கயிறுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அடுக்கினார். ஒரு தடவை எழுந்து நின்று பார்த்தார், மறுபடி முழங்காலிட்டு ஒரு பக்கத்தை முழுக்கப் பிரித்து மடித்தார். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. பாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாதையில் கை வைத்துக் கால் வைத்து ஏறி வந்தார்.

இந்தச் சமச்சீர் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் அடுத்தது.

எந்தப் பக்கம் பார்த்து விரிகிறது?

"பாராசூட் விரியலைன்னா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குதிப்பவர்களை அதைவிட அதிகம் பயமுறுத்தும் கேள்வி வேறு. விரிந்த பாராசூட் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்?

அது இறக்கை என்று சொன்னேன் அல்லவா? விரிந்த உடனேயே அது தன் முகம் இருக்கும் திசையில் பறக்க ஆரம்பிக்கும். வானத்தில் விரிக்கும் ஸ்கைடைவருக்குக் கிழக்கானாலும் மேற்கானாலும் ஒன்றுதான், சுற்றிலும் வெட்டவெளி. ஆனால் பாறைச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி விரிக்கிறவருக்குத் துணி திரும்பிச் சுவரைப் பார்த்து விரிந்துவிட்டால், இரண்டு விநாடியில் பாறை வந்துவிடும். இப்படித் திசை மாறி விரிவதை ஆஃப் ஹெடிங் என்கிறார்கள். கோளாறே இல்லாத, முழுதாக விரிந்த பாராசூட்டோடு பாறையில் மோதி இறந்தவர்கள் இந்த விளையாட்டில் பலர்.

திசை மாற என்ன காரணம்? தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கக் கயிறுகள் முந்தியோ பிந்தியோ இறுகும். மடிப்பு ஒரு பக்கம் கூடியிருக்கலாம். பக்கவாட்டுக் காற்று அடித்திருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில சமயம் திரும்பிவிடும். அதனால் இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, மடிக்கும்போதே பிரேக் கயிறுகளை நன்றாக இழுத்துப் பூட்டிவிடுவது. அப்படிச் செய்தால் விரிந்த துணி விருட்டென்று முன்னே பாயாமல் கொஞ்சம் தயங்கி நிற்கும். இன்னொன்று, தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் பட்டைகள், அதாவது ரைசர். விரிந்த கணமே கை பின்பக்க ரைசரைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்துத் திருப்ப வேண்டும். யோசித்துச் செய்யும் வேலை இல்லை அது. கொதிக்கும் பாத்திரத்திலிருந்து கை தானாக விலகுவதுபோல ஊறியிருக்க வேண்டும். அதனால்தான் பேஸ் ஜம்பிங் பழகும் முன் சுமார் 200 ஸ்கைடைவாவது முடித்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

இதற்கு வரலாற்றில் ஒரே பாறையில் நடந்த இரண்டு சம்பவங்கள் உண்டு. 1966 ஜூலையில் மைக்கேல் பெல்கி, பிரையன் ஷூபர்ட் என்ற இருவர் எல் கேப்பிட்டனிலிருந்து குதித்தார்கள். அவர்களிடம் இருந்தது அந்தக் காலத்து வட்டப் பாராசூட். அது விரிந்தது, ஆனால் பறக்கவோ வேண்டிய பக்கம் திரும்பவோ அதனால் முடியாது. காற்று அவர்களைப் பாறையின் பக்கமே தள்ளியது. இருவருக்கும் எலும்பு முறிந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1978இல், போனிஷின் நண்பர்கள் அதே பாறையிலிருந்து குதித்தபோது கையில் இருந்தது இறக்கைப் பாராசூட். விழும்போதே உடம்பைச் சாய்த்துப் பாறையை விட்டு விலகிப் போனார்கள், பிறகு விரித்தார்கள், பறந்து போய் புல்வெளியில் இறங்கினார்கள். துணிச்சலில் 1966இன் இருவரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சுவரை விட்டு விலக அவர்களிடம் வழி இல்லை, அவ்வளவுதான்.

பாலம் ஏன் பள்ளிக்கூடம்?

மேலே சொன்னதை வைத்தே இதை ஊகித்துவிடலாம். பாலத்தின் நடுவிலிருந்து குதித்தால் பின்னால் சுவரே இல்லை. பாராசூட் திரும்பி விரிந்தாலும் பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம். பெரும்பாலும் கீழே தண்ணீர் வேறு. மலையில் நடுவில் துருத்தும் பாறைகள் உண்டு. கோபுரத்தில் நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள். கட்டடங்கள் காற்றைச் சுழற்றிவிடும், கீழே தெருவும் விளக்குக் கம்பமும் வாகனமும் இருக்கும். கோலாலம்பூர் கோபுரத்தில் அனுமதியோடு பல ஆண்டுகள் நடந்த குதிப்பு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு, நகரத்துக்குள் இறங்குமிடத்துக்கு எவ்வளவு ஏற்பாடு தேவை என்பது தெரிந்திருக்கும்.

புதியவர்களின் முதல் குதிப்பில் பைலட் சூட்டை வீசும் வேலையைக்கூட அவர்களிடம் விடாமல் ஆசிரியரே பார்த்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அவர் பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று அதைக் கையில் பிடித்துக்கொள்வார். குதிப்பவர் கீழே போக, நாடா இறுகி, பையைத் திறந்து பாராசூட் நீண்டதும் அவர் கையிலிருந்து அது நழுவிப்போகும். பாராசூட் பத்து மீட்டருக்குள்ளேயே வெளியே வர ஆரம்பித்துவிடும். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணி, கால் கம்பியை விட்டதும், துணி பட்டென்று உதறும் சத்தம் பாலத்துக்கு அடியில் எதிரொலிக்கும். அந்தச் சத்தம் கேட்கும் வரை நடைபாதையில் யாரும் பேசமாட்டார்கள்.

எவ்வளவு ஆபத்து?

எண்ணிக்கை இல்லாமல் இதைப் பேசுவது சரியில்லை. நார்வேயில் லீசே ஃபியோர்டின் மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஷெராக் மலையில் குதிப்புகளைப் பதிவு செய்து வைத்தார்கள். 1995 முதல் 2005 வரை 20,850 குதிப்புகள், 9 மரணங்கள். சுமார் 2,300 குதிப்புக்கு ஒன்று. அமெரிக்காவில் 2023இல் ஏறத்தாழ முப்பத்தாறரை லட்சம் ஸ்கைடைவ்களில் 10 பேர் இறந்தார்கள். அது மூன்றரை லட்சத்துக்கு ஒன்று. காலமும் இடமும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே வகுத்துப் பார்ப்பது நியாயமாகாது. ஆனாலும் இடைவெளி நூறு மடங்குக்கு மேல். அதுவும் ஷெராக் உயரமான மலை, விழுகிறவருக்கு நேரம் தரும் மலை.

விங்சூட் என்ற இறக்கை உடையைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்கும் உடம்புக்கும் நடுவிலும், கால்களுக்கு நடுவிலும் துணி வைத்த உடை அது. அதைப் போட்டுக்கொண்டு விழுந்தால் கீழே போகும் வேகம் குறைந்து முன்னே பறக்கலாம். 2006இல் நம் கர்வால் இமயமலையின் மேரு சிகரத்தில், 6,604 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி இப்படிக் குதித்தார்கள். சுவரை விட்டு விலகிப் போகத்தான் இந்த உடை முதலில் உதவியது. பின்னர் அதே உடையோடு பாறைக்கும் மரத்துக்கும் மிக அருகில் உரசுவதுபோல் பறக்கும் பழக்கம் வந்தது, அதோடு மரணங்களும் வந்தன. விலகிப்போவதற்கான கருவியை நெருங்கிப்போகப் பயன்படுத்துவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

காற்றைப் பார்ப்பதும் இறங்கி நடப்பதும்

கருவியும் பழக்கமும் சரியாக இருந்தாலும் கடைசியில் ஒரு முடிவு மிச்சம் இருக்கிறது: இன்றைக்கு, இந்த இடத்தில், இந்தக் காற்றில் குதிப்பதா?

காற்று சுவரை நோக்கி அடித்தால் விரிந்த பாராசூட்டைச் சுவருக்கே தள்ளும். சுவருக்குப் பின்னாலிருந்து அடித்தால் விளிம்பைத் தாண்டியதும் சுழலும். ஓடும் ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிக்குமே, காற்றும் அப்படித்தான். மேலே ஒரு காற்று, பாதி வழியில் ஒன்று, இறங்குமிடத்தில் வேறொன்று என்றும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிக் காற்று கிளம்பிவிடும். அங்கே பலரும் அதிகாலையைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். குதிக்கும் முன் ஹெலிகாப்டர் தளத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். இறங்கும் வயல்களின் புல் மாட்டுத்தீவனம் என்பதால் விவசாயிகளுக்குச் சேர வேண்டிய தொகைக்கு ஓர் அட்டையும் வாங்க வேண்டும்.

காற்று சரியில்லை என்று தெரிவது ஒன்று, தெரிந்த பிறகு திரும்பி நடப்பது இன்னொன்று. இரண்டு மணி நேரம் மூச்சிரைக்க மலையேறி வந்திருப்பார்கள். கூட வந்த நாலு பேர் குதித்துவிட்டிருப்பார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். விடுமுறை நாளையோடு முடியும். இவற்றில் எதற்கும் காற்றோடு சம்பந்தம் இல்லை, ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஆளைத் தள்ளும்.

பழக்கமில்லாத கருவியும் அப்படித்தான். 1999இல் எல் கேப்பிட்டனில், பேஸ் ஜம்பிங்குக்குப் பூங்கா விதித்திருந்த தடையை எதிர்த்து நடந்த குதிப்பில் 60 வயது அனுபவசாலி ஒருவர் இறந்தார். பிடிபட்டால் பையைப் பறிமுதல் செய்வார்கள் என்பதால் அவர் இரவல் பையோடு குதித்தார். அதில் பைலட் சூட் வழக்கமான முதுகுப்புற இடத்தில் இல்லாமல் காலோரம் இருந்தது. இரவல் வண்டியை ஓட்டும்போது அவசரத்தில் கால் நம் வண்டியின் பிரேக் இருக்கும் இடத்தைத்தானே தேடும்?

அனுபவமும் முழுக் காப்பு இல்லை. பெயர் வைத்த கார்ல் போனிஷ் 1984 ஜூலையில் நார்வேயின் ட்ரோல்வெகன் மலையில் மனைவியோடு சேர்ந்து ஒரு சாதனைக் குதிப்பை நல்லபடியாக முடித்தார். அடுத்த இரண்டு நாளில் அதே மலையின் வேறொரு முனையிலிருந்து குதித்து இறந்தார். 1986இல் அந்த மலையில் குதிப்பதே தடைசெய்யப்பட்டது.

பெரைன் பாலத்தில் நான் கடைசியாகப் போன நாளில் ஒரு பெண் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அது இரண்டாவதோ மூன்றாவதோ குதிப்பு. பாலத்துக் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அது தொங்கும், சட்டென்று பக்கவாட்டில் எழும்பும், மறுபடி தொங்கும். பைலட் சூட்டை மடித்துக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். எங்களில் ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தோம். அப்புறம் ஆசிரியரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆசிரியர் "சரி" என்று மட்டும் சொல்லி, அந்தப் பெண்ணின் தோள்பட்டையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ஒரு காலை இந்தப் பக்கம் போட்டு, அடுத்த காலையும் போட்டு, நடைபாதையில் இறங்கினார். பைலட் சூட்டைப் பையில் செருகி, ஊசி இடத்தில் இருக்கிறதா என்று ஆசிரியர் விரலால் தடவிப் பார்த்த பிறகு, இருவரும் புல்வெளிப் பக்கம் நடந்து போனார்கள். ரிப்பனை யாரும் அவிழ்க்கவில்லை.